எல்லாரும் கேட்கச் சொன்னது

என் வீட்டுக்காரர் வசந்தகுமார் ஹாம் ரேடியோ செட் செய்து விற்கிறவர். இதைச் சொன்னால் இலுப்பூரில் பாதிப் பேர் எஃப்.எம். ரேடியோ என்று நினைத்துக்கொண்டு பழைய பாட்டு வருமா என்பார்கள். மீதிப் பேர் போலீஸ்காரர் கையில் வைத்திருப்பதா என்பார்கள். இரண்டும் இல்லை. அரசாங்கப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, மொட்டை மாடியில் கம்பி கட்டி, காற்றிலேயே ஊர் விட்டு ஊர் பேசிக்கொள்கிற கூட்டம் ஒன்று நாட்டில் இருக்கிறது. அதற்குத்தான் போன் இருக்கிறதே என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் கேட்டுக் கேட்டு வாய் வலித்து விட்டுவிட்டேன். அந்தக் கூட்டம் பேசுகிற செட்டை எங்கள் வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகளில் வைத்து இவர் செய்கிறார். அதற்குக் காயில் சுற்றித் தருவது நான்.

காயில் என்றால் பெரிய சமாச்சாரம் இல்லை. மோதிரத்தைவிடச் சின்ன வளையத்தில் முடி மாதிரிக் கம்பியைச் சுற்ற வேண்டும். ஆனால் ஒரு சுற்று கூடினாலும் குறைந்தாலும் செட் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் வேறெங்கோ போய்ப் பேசும். சுற்றிச் சுற்றிக் கண்ணாடி போட்டுக்கொண்டதுதான் மிச்சம். "பிரகதி சுத்துன காயில்" என்று இவர் காற்றில் பெருமையடிப்பார். பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் நாங்கள் கெட்ட கதை புரியாது. அவர்கள் ஒருவரை ஒருவர் ஓல்டு மேன் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். மீசை முளைக்காத காலேஜ் பையனும் ஓல்டு மேன்தான். மரியாதையில் குறை வைக்க மாட்டார்கள். சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. என் குரல் எப்படிக் கேட்கிறது என்று ஒருவர் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும், அதில் பொய் சொன்னால் பெரிய பாவம். எவனாவது உதவி என்று கேட்டுவிட்டால் முடியாது என்று சொல்லவே கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு தொழில் செய்துபாருங்கள், தெரியும்.

நாடு முழுக்கத் தேடினாலும் அவர்கள் எண்ணிக்கை ஒரு தேர்க்கூட்டம்கூடத் தேறாது. அதில் பாதிப் பேர், நானே செய்துகொள்கிறேன் என்பவர்கள். செட்டின் சர்க்யூட் படத்தை இவரே இன்டர்நெட்டில் போட்டு வைத்திருக்கிறார், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சாம்பார் எப்படி வைப்பது என்று வாசலில் எழுதி ஒட்டிவிட்டு ஓட்டல் நடத்துகிற ஆளை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று இவரிடம் சொன்னேன். ஹாமுக்கு அதுதான் வழக்கம் என்றார். வாங்குகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பார்சல் போய்ச் சேர்ந்த அன்றே மூடியைக் கழற்றிவிட்டு, அந்தக் கெப்பாசிட்டரை ஏன் இந்தப் பக்கம் வைத்தீர்கள் என்று போன் செய்வார்கள். சாப்பிட உட்கார்ந்தால் போன், குளிக்கப் போனால் போன். ஒருமுறை கட்டுமாவடியிலிருந்து ஒரு படகுக்காரர் வேன் பிடித்து வந்தார், தன் ஆட்களுக்கெல்லாம் சேர்த்து மொத்தமாக வேண்டுமென்று. லைசென்ஸ் இருக்கா என்று கேட்டார் இவர். இல்லை என்றதும் காபி கொடுத்து, பரீட்சைக்குப் படிக்கப் புத்தகமும் கொடுத்து அனுப்பிவைத்தார். அந்த மனிதர் வேனில் ஏறும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஐயோ பாவம் என்கிற பார்வை.

இதற்கு முன்னால் இவர் பதினொரு வருடம் குவைத்தில் ஜெனரேட்டர் மெக்கானிக். கல்யாணம் ஆன நாலாவது மாதம் போனவர். என் மகள் நடக்கப் பழகியதையும் பள்ளிக்கூடம் போனதையும் போனில் பார்த்தவர். மாமியார் செத்ததற்கு மூன்றாம் நாள் வந்து சேர்ந்தவர். போதும் என்று திரும்பி வந்து, கொண்டுவந்ததையெல்லாம் இந்தப் பட்டறையில் போட்டார். நான்தான் போடச் சொன்னேன். என்ன கழுதையையாவது செய்யுங்கள், வீட்டில் இருங்கள் என்றேன். இவரைத் திட்டுகிறேனே தவிர, இவர் பக்கத்து அறையில் யாரோ ஒரு ஓல்டு மேனோடு பேசுகிற சத்தம் இல்லாமல் எனக்கு இப்போதெல்லாம் சோறு இறங்காது. அதனால் இந்தப் பட்டறை மூடினால் எனக்கு என்ன போகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடுகிற நிலைமை இந்த வருடம் வந்துவிட்டது. செட்டின் கடைசியில் ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. குரலைத் தூக்கிக் காற்றில் எறிகிறது அதுதான். அதைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி செய்வதை நிறுத்திவிட்டது. நம்மைப் போல் நூறும் இருநூறும் வாங்குகிறவனுக்காக எந்தக் கம்பெனி மெனக்கெடும்? வேறு டிரான்சிஸ்டர் போட வேண்டுமென்றால் போர்டு முழுவதையும் மாற்றி வரைய வேண்டும், ஒரு வருட வேலை. இதற்கிடையில் சீனாவிலிருந்து ஒரு செட் வந்துவிட்டது. எங்கள் விலையில் பாதி, கலர் கலராக டிஸ்பிளே. இவர் மாசியில் சென்னையில் ஒரு வியாபாரியிடம் மிச்சமிருந்த டிரான்சிஸ்டர்கள் மொத்தத்தையும் வாங்கிவந்தார். இந்தச் சரக்கு விற்ற காசு தீர்வதற்குள் புதுப் போர்டு தயாராகிவிட்டால் பிழைத்தோம். இல்லையென்றால் குவைத். பழைய கம்பெனி திரும்பக் கூப்பிட்டிருந்தது. புதுக்கோட்டையில் இருக்கிற ஏஜென்ட் அடைக்கலம் அண்ணன், ஆடி பிறப்பதற்குள் பதில் சொல்லிவிடச் சொன்னார். அதற்கப்புறம் வேறு ஆளை எடுத்துவிடுவார்களாம்.

முதல் பாதிச் செட்டுகள் நல்லபடியாக விற்றன. சித்திரையில் நான் ஏஜென்டைப் பற்றி நினைப்பதையே விட்டிருந்தேன். புக்கிங் வந்துகொண்டிருந்தது. நானும் காய்ச்சலோடு காயில் சுற்றினேன்.

வைகாசியில் ஒரு மத்தியானம், பட்டறையிலிருந்து கருகிய வாடை வந்தது. போய்ப் பார்த்தால் இவர் பெஞ்சு முன்னால் நின்றுகொண்டிருந்தார். முடித்து டெஸ்ட் செய்த செட்டில் டிரான்சிஸ்டர் போய்விட்டது. அடுத்த செட்டை மாட்டினார், கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது, பிறகு மீட்டரில் முள் விழுந்தது, அதுவும் போய்விட்டது. மூன்றாவதும் அப்படியே. எல்லாம் டூப்ளிகேட் என்றார் இவர். நின்றுபோன சாமானுக்கெல்லாம் டூப்ளிகேட் வரும், பழைய ஏதோ ஒன்றைச் சுரண்டி மேலே புதுப் பெயர் அச்சடித்துவிடுவார்களாம். வாங்கின நாளிலிருந்தே அந்தப் பயம் இவருக்கு இருந்திருக்கிறது. இப்போது கண்ணெதிரே மூன்று எரிந்ததும் வேறு யோசனையே வரவில்லை.

வெளியே போன செட் ஒன்றாவது இதுவரை எரிந்திருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியென்றால் வாயைத் திறக்காதீர்கள், எரிந்தது வந்தால் மாற்றிக் கொடுப்போம், வராததைப் பற்றி நாம் ஏன் ஊருக்குத் தமுக்கு அடிக்க வேண்டும் என்றேன். எந்தப் பெண்டாட்டியும் இதைத்தான் சொல்லியிருப்பாள்.

"கேரளாவுல மலைப் பக்கம் மழைக்குன்னே வாங்கி வச்சிருக்காங்க பிரகதி. போன் டவரெல்லாம் விழுந்து, எம் செட்ட நம்பி ஒருத்தன் மைக்கத் தூக்குற நேரத்துல எரிஞ்சா என்ன பண்ணுவான்?"

"ரெண்டு நாள் பொறுங்கங்க. ஒங்க கையக் காலாப் புடிச்சுக் கேக்குறேன். ரெண்டே நாளு."

பொறுக்கவில்லை. மழை எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கும் என்றார்.

தினமும் காலை ஏழரை மணிக்கு இவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கூடுவார்கள். அதற்கு நெட் என்று பெயர். கோயம்புத்தூரில் இருக்கிற அரவிந்த்குமார் என்கிற பேங்க் ரிட்டயர்டு மனிதர் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், ஒருவர் பேச எல்லாரும் கேட்க வேண்டும். எங்கள் செட்டை வாங்கியவர்கள், வாங்கப்போகிறவர்கள், சீனாச் செட்டா இதுவா என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்கள், அத்தனை பேரும் அங்கேதான் இருப்பார்கள். வேறு எந்தத் தொழில்காரனும் தன் சரக்கில் குறை இருந்தால் கடைக்காரர் காதோடு காதாகச் சொல்வான். இவர் மைக்கை எடுத்து, மாசி மாதத்துக்குப் பிறகு நான் கொடுத்த செட்டுகளில் டிரான்சிஸ்டர் சரியில்லை, டூப்ளிகேட்டில் ஏமாந்துவிட்டேன், அவசரத்துக்கு யாரும் அதை நம்ப வேண்டாம், எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடுங்கள், கூரியர் செலவு என்னுடையது என்று நாடு கேட்கச் சொன்னார். நான் அடுப்படியில் தோசைக் கரண்டியோடு நின்றிருந்தேன். தோசை கருகியது.

அப்போது வந்த பாராட்டைக் கேட்டிருக்க வேண்டும். ஒருவர் விடாமல் இவரை மனிதருள் மாணிக்கம் என்றார்கள். பொன்னமராவதி நாகராசு அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அவருக்கு அங்கே ஜவுளிக்கடை. வாரம் ஒருமுறை வந்து காபி குடித்துவிட்டு, எதையாவது இலவசமாக ரிப்பேர் செய்துகொண்டு போகிறவர். இந்தக் காலத்தில் இப்படி ஒரு நேர்மையா என்று என்னிடம் அரை மணி நேரம் சொன்னார். நான் காபியில் சர்க்கரை போடாமல் கொடுத்தேன். அதையும் நன்றாக இருக்கிறதென்று சொல்லிவிட்டுக் குடித்தார்.

அந்த வாரத்துக்குள் புக்கிங் எல்லாம் போய்விட்டது. யாரும் கோபப்படவில்லை. அவசரமில்லை ஓல்டு மேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொருவரும் தன்மையாக மெசேஜ் அனுப்பினார்கள். பிறகு பார்சல்கள் வர ஆரம்பித்தன. சதாரா, கோட்டயம், நாகர்கோவில் என்று அட்டைப்பெட்டி மேல் அட்டைப்பெட்டி. கூரியர் பையன் ஆட்டோவிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, வியாபாரம் அமோகமாப் போகுது போல என்றான். அவனை அடிக்காமல் விட்டேன், அது வரைக்கும் புண்ணியம். பெட்டிகள் ஹாலுக்கு வந்தன, பிறகு மகள் படிக்கிற இடத்துக்கு வந்தன. வீட்டில் நடக்க வழியில்லை. இவர் சாப்பிடுவது குறைந்து, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ராத்திரியில் தூங்காமல் மல்லாந்து கிடந்தார். எல்லாச் செட்டுக்கும் போட மாற்று டிரான்சிஸ்டர் எங்கே இருக்கிறது? உலகத்திலேயே இல்லை. சரி, எது எரியும் எது எரியாது என்றாவது ஒவ்வொன்றாக டெஸ்ட் செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தார்.

முதலில் எடுத்தது கோட்டயத்துச் செட். மூன்று மாதமாகத் தினம் நெட்டில் ஒலித்த செட் அது. பெஞ்சில் மாட்டி ஓடவிட்டார். கொஞ்ச நேரத்தில் முள் விழுந்தது, வாடை வந்தது. மூன்று மாதம் அங்கே எரியாதது, இங்கே மூன்று நிமிடத்தில் எப்படி எரியும்? நான் கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு தெரியாது. இவராகவே எழுந்து நின்று, பெஞ்சுக்குக் கீழே இருக்கிற பெயிண்ட் டப்பாவைப் பார்த்தார்.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். செட்டை டெஸ்ட் செய்யும்போது நிஜ ஏரியலில் மாட்டினால் ஊரெல்லாம் கேட்கும். அதற்காக ஒரு டப்பாவில் எண்ணெய் ஊற்றி, உள்ளே ரெசிஸ்டர்களைப் போட்டு வைத்திருப்பார். செட் அதை ஏரியல் என்று நினைத்துக்கொண்டு அதற்குள்ளேயே பவரைக் கொட்டும். ஏரியல் இல்லாமல் செட்டை ஓட்டினால் கொட்ட இடமில்லாத பவர் திரும்பி வந்து டிரான்சிஸ்டரையே எரித்துவிடும். ஹாம் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். இவர் டப்பாவின் மூடியைத் திறந்து, எண்ணெய்க்குள் கையை விட்டு உள்ளே இருந்ததைத் தூக்கினார். ஒரு ஈயப்பற்று விட்டிருந்தது. குளிர்ந்திருக்கும்போது தொட்டுக்கொண்டு இருக்கும், சூடானால் விட்டுக்கொள்ளும். அவ்வளவுதான். ஊரில் உள்ளவன் ஏரியலையெல்லாம் போனிலேயே சரிபார்த்துச் சொல்கிற மனிதர், தன் காலடியில் கிடந்த டப்பாவைச் சரிபார்க்கவில்லை.

முழங்கை வரை எண்ணெய் வழிய என்னைப் பார்த்தார்.

"செட்டுல ஒரு குத்தமும் இல்ல பிரகதி. டிரான்சிஸ்டர் அத்தனையும் ஒரிஜினல்."

சந்தோஷப்பட வேண்டிய சேதி. எனக்கு வயிற்றிலிருந்து ஓலம் வந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அத்தனையும் நல்ல செட். என் கண்ணைக் கொடுத்துச் சுற்றிய காயில். ஒரு குறையும் இல்லாத சரக்கை, குறை உள்ளது என்று இவர் வாயாலேயே நாட்டுக்குச் சொல்லி வரவழைத்திருக்கிறார். ரெண்டு நாள் பொறுங்கள் என்று சொன்னேனே, கையைக் காலாகப் பிடித்துச் சொன்னேனே என்று இவர் நெஞ்சிலேயே குத்தினேன். குத்தவிட்டு நின்றார்.

அழுது முடித்ததும் எனக்கே ஒரு தெம்பு வந்தது. கெடுத்தது எந்த வாயோ அதே வாயால் சரி செய்யுங்கள் என்றேன். எல்லாரும் கேட்கத்தானே கெட்ட பெயர் வாங்கினீர்கள், அதே எல்லாரும் கேட்க நடந்ததைச் சொல்லுங்கள், செட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், விட்டவர்களும் புக்கிங் போடுவார்கள். ஆடி பிறக்க இன்னும் நாள் இருந்தது. மறுநாள் காலையில் நானே தலைக்குக் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டு, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பட்டறைக் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன்.

இவர் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. டப்பா, ஈயப்பற்று, தன் புத்திகெட்ட அவசரம், எல்லாவற்றையும் சொன்னார். டிரான்சிஸ்டர் ஒரிஜினல், செட் நல்ல செட், திரும்ப அனுப்புகிறேன், தயவு செய்து நம்புங்கள் என்றார். தயவு செய்து என்று இவர் காற்றில் கெஞ்சி நான் கேட்டதில்லை. மைக்கின் பொத்தானிலிருந்து கையை எடுத்தார்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அரவிந்த்குமார் சார் வந்தார். "ரோஜர், ரோஜர் ஓல்டு மேன். எல்லாம் கேட்டுச்சு. இப்படி வெளிப்படையாச் சொல்றதுக்கு ஒரு மனசு வேணும். ரொம்ப நன்றி. உங்க பக்கம் மழை இருக்கா?" என்றார்.

மழை இல்லை என்றார் இவர்.

அடுத்து ஒருவர் வந்தார், இன்னொருவர் வந்தார். எல்லாரும் இவர் மனசைப் புகழ்ந்தார்கள். செட்டை அனுப்புங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒருவராவது திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். போன மாதம் கெட்டது என்றான், இந்த மாதம் நல்லது என்கிறான், எதை நம்புவது என்று முகத்துக்கு நேராகக் கேட்டிருந்தால் இவரும் வாதாடியிருப்பார். அவர்கள் அப்படிக் கேட்கிற ஜாதியே இல்லை.

கடைசியாக நாகராசு அண்ணன் குரல் வந்தது. எங்கள் செட்டில் பேசும்போது வந்ததைவிடத் தெளிவாக, கணீரென்று வந்தது. இவரை இரண்டு வாக்கியம் பாராட்டினார்.

"வசந்து, ஒரு சின்ன ஒதவி. தப்பா எடுத்துக்கிராத. ஒன்னோடது திரும்பப் போனதும் சும்மா இருக்க முடியாம அந்தச் சீனாச் செட்டு ஒண்ணு வாங்கிப்புட்டேன். நேத்திலேருந்து பேச்சு மட்டுந்தான் வருது, டிஸ்பிளே வரமாட்டேங்குது. அந்தக் கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டா எடுக்க ஆளே இல்ல. எங்க பாக்கணும்னு சொன்னியன்னா நானே பாத்துக்கிருவேன்."

நான் இவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாது என்று சொல்லுங்கள். ஒரே ஒரு தடவை, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தெரியாது என்று சொல்லுங்கள். மனசுக்குள் கத்தினேன். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மைக்கை எடுத்து, ஓல்டு மேன், முதலில் பின்பக்கத்து நாலு ஸ்குரூவையும் கழற்றுங்கள் என்று ஆரம்பித்தார். அவர் கழற்றும் வரை காத்திருந்தார். உள்ளே எந்த ஒயர் எங்கே போகிறது என்று, கண்ணால் பார்க்காத செட்டைப் பற்றிப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குரலில் துளி வருத்தம் இல்லை.

நடைக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன். மின்விசிறி சுற்றி நின்றது. பிரிட்ஜ் அடங்கியது. வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன்.

உள்ளே இருந்து "டிக்" என்று ஒரு சத்தம்.

"சாரி ஓல்டு மேன், இங்க கரண்டு போயிருச்சு. பேட்டரிக்கு மாறிட்டேன். எங்க விட்டேன்? ஆங், அந்தப் பட்டை ஒயர். அத மெதுவா அமுக்கிப் பாருங்க, லூசா இருக்கும்."

சுவிட்சைத் திரும்பப் போடவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பெட்டிகளைத் தாண்டிப் போய், பூஜை அலமாரியின் மேல்தட்டிலிருந்து இவருடைய பாஸ்போர்ட்டை எடுத்தேன். பிறகு அடைக்கலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"இலுப்பூர்லேருந்து பிரகதி பேசுறேண்ணே. அவரு வாராருண்ணே. பேரு குடுத்துருங்க. பாஸ்போர்ட்ட நானே கொண்டாரேன்."

நல்ல முடிவு, கம்பெனிக்கு இன்றைக்கே தகவல் சொல்லிவிடுகிறேன் என்றார். எதற்கும் ஆள் வாயால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது, போனை அவரிடம் கொடுங்கள் என்றார். நான் பட்டறைக் கதவைப் பார்த்தேன். இவர் இன்னும் ஒரு ஸ்குரூவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவரு பேசிக்கிட்டு இருக்காருண்ணே" என்றேன்.